கடலும் கணக்கும்: பருத்தித்துறைத் தாயின் ஒரு நாள்

இலங்கையின் வட முனையில், நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது பருத்தித்துறை. யாழ்ப்பாண நகரிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்தே இங்கு வரவேண்டும். 1916 இல் கட்டிய வெளிச்சவீடு, தெருவுக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடி மடம், 1838 இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரி, புரட்டாதியில் சனம் கடலோடு கடலாகத் திரளும் வல்லிபுர ஆழ்வார் கோவில் என்று இவ்வூரின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். இவ்வூரை நாளாந்தம் தாங்கி நிற்கின்ற தாய்மாரைப் பற்றியே நாம் இங்கு சொல்ல விரும்புகின்றோம்.

இக்கட்டுரையில் வரும் தாய் தனி ஒருவர் அல்லர். முனையிலும் தும்பளையிலும் மணற்காட்டிலும் உள்ள பல வீடுகளின் பொது உருவம் அவர். கணவர் கடலுக்குப் போகின்றவர், மூன்று பிள்ளைகள், வீட்டில் வயது போன மாமியார், காணியில் நாலு பனை, ஒரு கிணறு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் எப்படிக் குடும்பத்தை நடத்துகின்றார் என்பதைப் பார்ப்போம்.

விடிய முன் எரியும் அடுப்பு

அதிகாலை நாலு மணிக்கே அவருடைய நாள் தொடங்கிவிடுகின்றது. முதல் நாள் இரவு அரைத்து வைத்த மா பொங்கியிருக்கும். தோசை சுட்டு, சம்பல் இடித்து, பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் எடுத்து வைத்த பின், மீதியை அயலில் உள்ள தேநீர்க் கடைக்குக் கொடுப்பார். கடற்கரையை அண்டிய கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் வேறு இடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்தாலென்ன, கானைச் சைக்கிளில் கட்டினாலென்ன, அந்த வேலை பெரும்பாலும் தாய்க்கும் மூத்த பெண்பிள்ளைக்குமே வந்து சேருகின்றது.

வெளிச்சம் வரும் வேளையில் படகுகள் கரைக்கு வரும். மீனைக் கூறி விற்பதும், வலையில் சிக்கிய குப்பை கழற்றுவதும், விலைபோகாத மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதும் கரையில் நடக்கும் வேலைகள். இவற்றில் பெண்களின் கை இல்லாத வேலை குறைவு. ஆனால் கடற்தொழிலாளர் என்று பதிவில் இருப்பது கணவரின் பெயர் மட்டுமே. கருவாட்டை வெயிலில் காயப்போட்டுவிட்டு, காகத்தைக் கலைத்தபடியே மதியச் சமையலைப் பார்க்கின்ற தாயை யாரும் தொழிலாளி என்று சொல்வதில்லை.

பிற்பகலில் வடைக்கு உழுந்து ஊறும். பருத்தித்துறை வடை என்றால் அறியாத தமிழர் இல்லை. உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, மொறுமொறுப்பாகப் பொரித்து எடுப்பது. நாட்கணக்கில் பழுதாகாது. அதனால்தான் கொழும்புக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்ற பொதிகளில் இந்த வடைக்குத் தனி இடம் உண்டு. ஒடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் அதனோடு கூடப் போகும்.

இங்கே பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய்மாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கு இலட்சக்கணக்கான தாய்மார் வெளிநாடுகளில் வேலை செய்து, பெரிய பெட்டிகளில் சவர்க்காரமும் உடுப்பும் தின்பண்டமும் அடுக்கி வீட்டுக்கு அனுப்புகின்றனர். அங்கே தாயிடமிருந்து வீட்டுக்குப் பெட்டி வருகின்றது. இங்கே பிள்ளைகள் வெளிநாடு போய்விட, ஊரில் இருக்கும் தாய் பொதி கட்டி அனுப்புகின்றார். திசைகள் வேறாயினும் பொதிக்குள் இருப்பது ஒன்றுதான்.

அயல் என்னும் உறவு

"அக்கா, ஒரு சுண்டு உழுந்து இருக்கோ? நாளைக்குத் தாறன்." "எடு பிள்ளை, ஆறுதலாய்த் தா." வேலிக்கு மேலால் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்தும் இல்லை, வட்டியும் இல்லை. ஊரில் ஒரு சாவு நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அயல்வீட்டுத் தாய்மாரே சமைத்துக் கொடுப்பர். சாமத்தியச் சடங்கென்றால் பலகாரம் சுட முதல் நாளே நாலைந்து பேர் கூடிவிடுவர். கோவிற் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை வீடு கழுவி, மச்சம் விலக்கி, விரதம் பிடிக்கின்ற அதே வேளையில், மணற்காட்டு அந்தோனியார் திருநாளுக்கு அயலவரின் அழைப்பும் வரும். ஊரின் நாட்காட்டி சுவரில் தொங்குவதற்கு முன்னரே தாய்மாரின் மனதில் எழுதப்பட்டிருக்கின்றது.

இந்த அயலுறவு எவ்வளவு வலியது என்பதைக் காலம் பல தடவை காட்டியிருக்கின்றது. 1987 மே மாதம் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கோவில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தோர் பலர். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னைவிட அரிதானது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்தது. அந்த எண்ணெயைத் துளி துளியாகப் பங்கிட்டவர் தாய். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, வடமராட்சி வீடுகளில் விறாந்தை, மால், மரநிழல் எல்லாம் குடியிருப்பாகின. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடலே எழுந்து வந்து கரையோரக் கிராமங்களை அழித்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட, மீண்டும் வரிசையும் தட்டுப்பாடும். ஒவ்வொரு தடவையும் எரிந்த அடுப்பு ஒன்றே. சுற்றியிருந்த வாய்கள் பல.

இன்றைய சிக்கல் எங்கே?

யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் கடல் வீட்டின் கணக்கு நேராகவில்லை. கடற்தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. மாரியில் புயற்சின்னம் எழுந்தால் கிழமைக்கணக்கில் படகு கரையில் கிடக்கும். காற்று அடங்கி மீன் படுகின்ற நாட்களில் இந்திய இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகும். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டம் இயற்றித் தடைசெய்தது. இருந்தும் எல்லை தாண்டிய வருகை நிற்கவில்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு, 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபாவானது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்தச் செலவு நின்றுவிடாது.

வலை போனால் முதலில் தாயின் காதில் உள்ளது அடைவுக்குப் போகும். பின்னர் கைமாற்று. அதுவும் போதாதபோது நுண்கடன் நிறுவனத்தின் படிவத்தில் கையொப்பமிடுபவரும் தாயே. பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்து வாழ்வை உயர்த்தலாம் என்ற எண்ணத்தைப் பங்களாதேசத்தில் 1976 இல் முஹம்மது யூனூஸ் செயலில் காட்டினார். 1983 இல் கிராமின் வங்கி உருவானது. எண்ணம் நல்லது. ஆனால் யுத்தத்தின் பின்னர் வடக்குக் கிழக்கில் வந்து குவிந்த கம்பனிகள் பலவற்றுக்குக் கடன் ஒரு வியாபாரம் மட்டுமே. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று பெண்கள் சிக்குண்டனர். 2018 இல் வடபகுதிப் பெண்கள் வீதியில் இறங்கிக் குரல் எழுப்பினர். அவ்வாண்டு செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கியும் இதனைச் சுட்டிக்காட்டினார். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்ததும் அவ்வாண்டிலேயே.

வட்டி எப்படி ஒளிந்துகொள்கின்றது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 60,000 ரூபா கடன். ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 என்கிறார்கள். வட்டி 14,400, மொத்தம் 74,400. ஐம்பத்திரண்டு கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,430 ரூபா. நியாயமாகத்தானே தோன்றுகின்றது? ஆனால் தாய் ஒவ்வொரு கிழமையும் முதலையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்கின்றார். ஆறு மாதத்தில் அவர் கையில் இருக்கும் கடன் பாதிதான். வட்டி மட்டும் முழு 60,000 ரூபாவுக்கும் போடப்பட்டிருக்கின்றது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி நூற்றுக்கு 40 ஐத் தாண்டிவிடும்.

வட்டியைவிடக் கொடியது கிழமைத் தவணை. கடல் கிழமைக்குக் கிழமை ஒழுங்காகத் தருவதில்லை. புயல் நேரம் படகு கரையில் கிடந்தாலும், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் படலையில் வந்து நிற்கும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்டவேண்டும். இதனால் உழுந்துச் சுண்டு மாறிய வேலியில் முகம் திரும்புகின்றது. யுத்தமும் கடலும் உடைக்காத அயலுறவை ஒரு தவணை அட்டை உடைக்கின்றது. இதுவே எம்மைப் பெரிதும் கவலைகொள்ள வைக்கின்றது.

எம்மிடமே உள்ள வழி

எமது தாய்மாருக்குச் சேமிப்பு தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. சீட்டு அவர்களுடைய வங்கி. பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 5,000 ரூபா, சேருவது 50,000. அவசரமானவர் 6,000 ரூபா கழிவு விட்டு எடுத்தால் அவருக்குக் கிடைப்பது 44,000. கழிவு பத்துப் பேருக்கும் பகிரப்பட, அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,400 ரூபா கட்டினால் போதும். இலாபம் வெளியே போவதில்லை. பிலிப்பைன்ஸ் தாய்மாரும் இதையே "பலுவாகன்" என்று செய்கின்றனர். ஏழைப் பெண்கள் எங்கும் கண்டுபிடித்த முறை இது. ஆனால் சீட்டிலும் ஆபத்து உண்டு; எடுத்தவர் கட்டாமல் விட்டால் பிடிக்கும் அக்காவின் தலையிலேயே விழும். ஆகவே தெரிந்தவர்களோடு, சிறிய தொகையில், எழுத்தில் வைத்து நடத்துவதே நன்று.

பிடியரிசியும் எமக்குப் புதியதல்ல. கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்த ஊர்கள் இவை. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்தால், கடல் இல்லாத நாளுக்கு அது சோறு.

நாம் தாய்மாருக்கும் மாதர் சங்கங்களுக்கும் முன்வைக்க விரும்புவன சில:

முதலாவது, ஒரு கொப்பி வாங்குங்கள். வரவு, செலவு, கடன் மூன்றையும் எழுதுங்கள். கணவரும் மூத்த பிள்ளையும் அதைப் பார்க்கட்டும். தாய் மட்டும் அறிந்த கடன் தாயை மட்டுமே தின்னும்.

இரண்டாவது, கையொப்பமிட முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் கடன் வேண்டாம்.

மூன்றாவது, சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊரில் அதில் சேருங்கள். உறங்கிக் கிடந்தால் எழுப்புங்கள். அங்கத்தவரே உரிமையாளர் என்பதால், மீன்படும் மாதத்தில் கூடவும் மாரியில் குறையவும் கட்டுகின்ற ஒழுங்கைக் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம்.

நான்காவது, வடையும் கருவாடும் ஒடியலும் தனித்தனியே விற்பதை விட, பத்துத் தாய்மார் சேர்ந்து உழுந்தை மொத்தமாக வாங்கி, ஒரே பொதியாக விற்றுப் பாருங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. கரைவேலையில் பாதியைச் செய்பவர் உங்கள் மனைவி. கடற்தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள். எண்ணெய்க்கும் வலைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அவரே. தீர்மானம் எடுக்கும் இடத்தில் அவர் இருந்தால், அடுத்த மாரிக்கான சேமிப்பு இந்தச் சோளகத்திலேயே தொடங்கிவிடும்.