சட்டத்தில் 'தொழில்' என்னும் சொல்

தொழில் என்ற சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஒருவரை "என்ன தொழில்?" என்று வினவினால், அவர் பிழைக்கும் வழியைக் கேட்கிறோம். "தொழில் தொடங்கியிருக்கிறார்" என்றால், முதலிட்டு இலாபம் தேடும் முயற்சி என்று கொள்கிறோம். இலக்கண நூலாருக்கோ எச்செயலும் தொழிலே. உண்டலும் உறங்கலும் தொழிற்பெயர்கள். இச்சொல் சட்டத்தினுள் புகுந்தால் எப்பொருளைக் கொள்ளும்? பெங்களூரில் எழுந்த வழக்கொன்று இவ்வினாவை உச்சநீதிமன்றம்வரை கொண்டு சென்றது.

பெங்களூர் குடிநீர் வாரியம் தன் ஊழியர் சிலர்மீது குற்றஞ்சாட்டி அபராதம் விதித்து, அத்தொகையைப் பிடித்துக்கொண்டது. முறையான விசாரணையின்றித் தண்டித்தது தவறு என்று கூறி, ஊழியர்கள் 1972-இல் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகினர். வாரியமோ, "மக்களுக்குக் குடிநீர் தருவது அரசின் கடமை, அது தொழில் ஆகாது, ஆதலால் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் எமக்குப் பொருந்தாது" என்று வாதிட்டது. இவ்வாதம் வென்றிருந்தால், அவ்வூழியர்களுக்கு அந்நீதிமன்றத்தின் கதவு அடைபட்டிருக்கும். ஒரு சொல்லின் பொருளில் அவர்கள் உரிமை தொங்கிநின்றது.

தொழிலாளர் நீதிமன்றமும் கர்நாடக உயர்நீதிமன்றமும் வாரியத்தின் வாதத்தை ஏற்கவில்லை. 1978 பிப்ரவரி 21-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் பெரும்பான்மையால் அம்முடிவை உறுதி செய்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய முதன்மைத் தீர்ப்பு மூன்று அடையாளங்களைக் கூறிற்று. செயல் ஒழுங்குமுறையாக நடைபெற வேண்டும். வேலை தருவோரும் செய்வோரும் கூடி அதனை நடத்த வேண்டும். மக்கள் தேவைக்கான பொருளோ பணியோ அதனால் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் இருப்பின் அது தொழில். இலாப நோக்கம் வேண்டுவதில்லை. இதனால் மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும்கூட இச்சொல்லுள் அடங்கலாயின. அரசின் பணிகளுள் இறைமைப் பணிகள் மட்டும் விலக்காக நின்றன.

பின்னர் 1982-இல் இப்பொருளைச் சுருக்கிச் சட்டத்திருத்தம் இயற்றப்பட்டது. எனினும் அது நடைமுறைக்கு வரவேயில்லை. பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அம்மூன்று அடையாளங்களையும் தழுவிக்கொண்டு, அறப்பணி நிறுவனங்களையும் வீட்டு வேலையையும் விலக்கியுள்ளது.

ஆகவே சட்டமொன்று நமக்குப் பொருந்துமா என்று ஆராயும்போது, அகராதியையோ வழக்காற்றையோ மட்டும் நம்புதல் போதாது. சட்டத்தின் தொடக்கத்தில் சொற்பொருள் கூறும் பிரிவு ஒன்று இருக்கும். அதனையே முதற்கண் படித்தல் வேண்டும்.