முரசிற் கசியும் குருதி

காலையிற் பல் துலக்கித் துப்பும் நீரிற் செந்நிறம் தோன்றினால், அதனைப் பொருட்படுத்தாதோரே பலர். இன்சுலின் ஊசியால் உயிர் வாழும் இளைஞர் அவ்வாறிருத்தல் ஆகாது.

1922ஆம் ஆண்டு சனவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் இவ்வகை நீரிழிவு கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்றோ அவர்கள் நீண்ட ஆயுள் பெறுகின்றனர். அவர்தம் பற்களும் அதுகாறும் நிலைக்க வேண்டுமன்றோ?

இரத்தத்திற் சீனி மிகுந்திருப்பின், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் வலுவிழக்கின்றன. பல்லடியிற் படியும் அழுக்கிலுள்ள கிருமிகளால் முரசு அழற்சியுற்று வீங்கும். நாளடைவிற் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். பெரும்பாலும் நோவின்றியே இது நிகழ்வதால், பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் விழிக்கின்றனர். மேலும், முரசின் அழற்சி சீனியைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். இவ்வாறு ஒரு நோய் மற்றதை வளர்க்கின்றது.

குருதி கசிகின்றதென்று பல் துலக்குவதை நிறுத்துவது பெருந்தவறு. மென்மையான தூரிகையால், காலையிலும் படுக்கைக்கு முன்னரும் தவறாது துலக்குக. ஆறு மாதத்துக்கொருமுறை பல் வைத்தியரைக் கண்டு, நீரிழிவு உண்டென்பதையும் மறவாது கூறுக. பெற்றோரே, ஊசியை நினைவூட்டும் அதே கரிசனையோடு தூரிகையையும் நினைவூட்டுங்கள்.