மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கெப்பை வாங்கலாமா?

கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை நடத்துபவருக்கும், வெள்ளவத்தையிலிருந்து கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரம் ஏற்றிப் போகிறவருக்கும் ஒரு கெப் வண்டி இல்லாமல் தொழில் நகராது. ஆனால் கையிலுள்ள பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் பாவித்த ஹைலக்ஸ், எல்200, நவாரா போன்றவைதான். மீற்றரைப் பார்த்தால் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வண்டிகளே திரும்பத் திரும்பக் கைமாறி ஓடின. இறக்குமதி திறந்த பிறகும் வரிச்சுமை காரணமாகப் புதிய வண்டி பலருக்கு எட்டவில்லை.

அப்படியானால் இவ்வளவு ஓடிய வண்டியை வாங்கலாமா? வாங்கலாம், ஓடிய தூரத்துக்கும் செய்த பராமரிப்புக்கும் ஆதாரம் இருந்தால். ஆதாரத்தோடு வரும் மூன்று இலட்சம், ஆதாரமில்லாத ஒரு இலட்சத்தைவிட நம்பகமானது.

எந்த வீதியில் ஓடியது?

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கிழமைக்கு ஒரு தடவை யாழ்ப்பாணம் போய் வருவது. போக 400, வர 400 என்று வருடத்துக்கு ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். பத்து வருடத்தில் நான்கு இலட்சம். மற்றது கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, பேலியகொடை என்று நாளுக்கு 30 கிலோமீற்றர் சுற்றுவது. வருடத்தில் 300 நாள் ஓடினால் பத்து வருடத்தில் 90,000தான்.

இப்போது எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தைப் பாருங்கள். நெடுந்தூர வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் 8,000 மணித்தியாலம். நகர நெரிசலில் 15 கிலோமீற்றர் என்றால் 6,000 மணித்தியாலம். மீற்றரில் நான்கு மடங்குக்கு மேல் தெரியும் வித்தியாசம், எஞ்சினைப் பொறுத்தவரை மூன்றிலொரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கிளச், பிரேக், கியர்பெட்டி ஆகியவற்றில் நகர வண்டிதான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். எனவே விற்பவரிடம் எவ்வளவு ஓடியது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எங்கே ஓடியது, என்ன பாரம் ஏற்றியது என்றும் கேளுங்கள். சீமெந்தும் இரும்புக் கம்பியும் ஏற்றிய வண்டிக்கும், ஆட்களையும் பயணப்பைகளையும் ஏற்றிய டபிள் கெப்புக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

மீற்றர் சொல்வது உண்மையா?

மீற்றரைக் குறைத்து வைப்பது கடினமான வேலையல்ல. அதனால் வண்டியின் உடம்பைப் பாருங்கள். 80,000 கிலோமீற்றர் காட்டும் வண்டியில் கிளச் பெடலின் றப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், ஸ்டியரிங் பளபளத்தால், சாரதி இருக்கையின் ஓரம் நைந்திருந்தால் அந்த இலக்கத்தை நம்ப வேண்டாம். பெடல் றப்பரும் இருக்கை உறையும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். முகவர் நிறுவனத்தில் சேர்விஸ் செய்த வண்டியென்றால், உரிமையாளரை அழைத்துக்கொண்டு அங்கே போய்ப் பழைய பதிவுகளைக் கேட்கலாம். ஒவ்வொரு சேர்விஸ் பில்லிலும் திகதியும் கிலோமீற்றரும் இருக்கும். அவை வருடா வருடம் ஒழுங்காக ஏறியிருக்க வேண்டும். நடுவில் இறங்கியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

எஞ்சினைப் பார்க்கும் விதம்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வருவதாகச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். சூடான எஞ்சின் தன் குறையை மறைக்கும்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. அக்சிலரேட்டரை மிதிக்கும்போது கறுப்புப் புகை அடர்ந்து வந்தால் இன்ஜெக்டர், டர்போ, காற்று வடிகட்டி ஆகியவற்றில் ஒன்று பழுது. கொழும்பின் சூட்டில் வெறும் நீராவி நெடுநேரம் தெரியாது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு எஞ்சின் ஓடும்போதே ஒயில் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். அங்கிருந்து காற்றும் புகையும் குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. எஞ்சின் இறக்கும் செலவு காத்திருக்கிறது.

டைமிங் பெல்ட்டும் முக்கியம். எல்200இன் 4டி56 எஞ்சினும், 2005க்குப் பின் வந்த ஹைலக்ஸின் 3 லீற்றர் 1கேடி எஞ்சினும் பெல்ட்டில் ஓடுபவை. முன்னதற்கு ஒரு இலட்சம், பின்னதற்கு ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் அளவில் பெல்ட்டை மாற்ற வேண்டும். மாற்றாமல் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு எஞ்சினே போய்விடும். மூன்று இலட்சம் ஓடிய வண்டியில் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், அந்தச் செலவை முதல் நாளே உங்கள் கணக்கில் சேருங்கள். நவாராவின் வைடி25 எஞ்சினுக்குச் சங்கிலி. குளிர்ந்த ஸ்டார்ட்டில் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் சங்கிலி நீண்டிருக்கக்கூடும்.

செசியில் சமரசம் வேண்டாம்

தேய்ந்த எஞ்சினுக்குப் பஞ்சிகாவத்தையில் மாற்று கிடைக்கும். உக்கிய செசிக்கு அப்படி எளிய வழி இல்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வருடக்கணக்காக நின்ற வண்டியை உப்புக் காற்று கீழிருந்து தின்றிருக்கும். கராஜில் வண்டியை உயர்த்தி, பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களையும் பெட்டிக்குக் கீழேயுள்ள சட்டத்தையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற சத்தம், புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட், வெல்டிங் தழும்பு மூன்றுமே எச்சரிக்கைகள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். 2016 மேயிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகிப் பல வண்டிகள் மூழ்கின. தரைவிரிப்பின் அடியில் வண்டல், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் சேற்றுக்கறை, இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருந்தால் வயர்களும் கெட்டிருக்கும்.

புத்தகமும் பெயரும்

செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் நீங்களே வாசித்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அராவிய தடமோ புதிய வெல்டிங்கோ இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். லீசிங் நிலுவை உண்டா என்பதைப் புத்தகத்திலுள்ள முழு உரிமையாளர் விபரம் காட்டும்.

திகதி போடாமல் கையெழுத்திட்ட ஓப்பன் பேப்பரில் வண்டி பல கை மாறும் வழக்கம் இங்கே உண்டு. அதில் வாங்காதீர்கள். பதிவிலுள்ள உரிமையாளர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடாகிவிடும். பதிவு உரிமையாளரை நேரில் கண்டு, அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து வாங்குங்கள். 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள்.

முடிவெடுக்கும் கணக்கு

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கோடு போங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் கராஜில் சோதிக்க வேண்டாம். டைமிங் பெல்ட், ஒயில்கள், டயர், பற்றரி, கிளச், ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றில் உடனே மாற்ற வேண்டியவற்றை எழுதி விலை போடச் சொல்லுங்கள். கேட்ட விலையோடு அந்தத் தொகையைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை உங்கள் கைக்குள் அடங்கினால் மட்டுமே பேரம் பேசுங்கள். கையிலுள்ள எல்லாவற்றையும் விலையாகக் கொடுத்துவிட்டால், முதல் பழுதிலேயே வண்டி கராஜில் நிற்கும். தொழிலும் அதோடு நிற்கும்.

எஞ்சினிலோ கிளச்சிலோ குறை இருந்தால் அது பணக்கணக்கு. விலையைக் குறைத்து வாங்கலாம். செசியிலோ புத்தகத்திலோ குறை இருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இன்றைக்கே முற்பணம் தராவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார் என்று அவசரப்படுத்தினாலும் சோதனை முடியாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர், அதை உயர்த்திப் பார்க்க உங்களுக்கு ஒரு நாள் தருவார்.