அத்தைக்கு ஒரு தனிக் கதவு

ஆரணி என்றதும் "பட்டுப் புடவை ஊரா?" என்று கேட்பார்கள். அது வேறு ஆரணி, சகோதரிகளே. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருப்பது. வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ரெண்டு அறை வீடு. பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி, எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன். கூடவே என் அப்பாவின் அக்கா. எழுபத்தி நாலு வயது, பிள்ளை இல்லை, மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

போன கார்த்திகையில் சொந்தக்காரர் ஒருவர் வந்து, "எதுக்கும்மா கஷ்டப்படறே? ஏதாவது ஹோம்ல சேர்த்துடலாமே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு ராத்திரி படுத்தபடி நானும் அதைத்தான் யோசித்தேன்.

அந்த யோசனையோடுதான் அத்தையின் கண்ணைக் காட்ட ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் பக்கத்தில் நின்ற வண்ணாரப்பேட்டைப் பாட்டி, "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியில எப்பவும் கூட்டம்தான்" என்றாள். அது என்ன பெயர்? வீட்டுக்கு வந்து பையனின் டீச்சரிடம் கேட்டேன், நூலகத்திலும் தேடிப் படித்தேன்.

ஹைதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பாழாகி, 1782இல் சென்னையில் கடும் பஞ்சம். கிராமங்களில் இருந்து ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. அதை மேற்பார்த்தவர் மணியக்காரர். வெள்ளைக்காரர் வாயில் அது 'மணேகார்' ஆகி, மணேகார் சத்திரம் என்றே நிலைத்துவிட்டது. கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால், 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற உதவி டாக்டர் அங்கேயே வைத்தியசாலை தொடங்கினார். அதுதான் வளர்ந்து ஸ்டான்லி ஆயிற்று. 1938இல் மருத்துவக் கல்லூரி. கதியற்ற முதியோரை வைத்துப் பார்க்கும் வேலையை அந்தச் சத்திரம் பிறகும் விடவில்லை.

நம் ஊர்ச் சத்திரம் என்றால் வழிப்போக்கருக்குத்தான் முதல் இடம். பொன்னேரியில் ரயில் ஏறி சென்ட்ரல் பக்கம் இறங்குகிறோமே, அதற்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் 1880களில் கட்டிய சத்திரமும் அப்படித்தான். அவர் பெயரில்தான் ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியும். எங்கள் பக்கத்தில் 'ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் பிறந்த குழந்தை' எத்தனையோ! தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1801இல் தம் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதத்தில், வழியில் வலி கண்ட கர்ப்பிணிகளுக்கு அங்கே பிரசவமும் மருந்தும், கைக்குழந்தைகளுக்குப் பாலும் கொடுப்பதைச் சொல்லியிருக்கிறார். படித்தபோது மனசு நிறைந்தது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இங்கிலாந்துக்காரர்களின் தர்ம வீடுகள். விக்டோரியா ராணி காலத்தில் நிறையக் கட்டினார்களாம். அங்கே 1834இல் வந்த ஏழைகள் சட்டத்தால், கதியற்றவர்கள் உதவி கேட்டால் 'வேலைக்கூடம்' என்ற பெரிய கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்தது. உள்ளே புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கிழவன் கிழவியைக் கூடவா பிரிப்பார்கள்! தர்ம வீடு அப்படி இல்லை. நடுவில் புல்தரை அல்லது முற்றம், அதைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். செங்கல் சுவர், கூர்மையான கூரை, உயரமான புகைக்கூண்டு. வாசல் மேலே கட்டிக்கொடுத்த புண்ணியவான் பெயர் செதுக்கியிருக்கும் (நம் ஊர் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரிதான்). யார்க்‌ஷயரில் டைட்டஸ் சால்ட் என்ற மில் முதலாளி, சால்டெய்ர் என்று தான் உண்டாக்கிய ஊரில் 1868இல் இப்படி 45 வீடுகள் கட்டினார். சும்மா இல்லை, நன்னடத்தை, சர்ச்சுக்குப் போவது என்று பல இடங்களில் நிபந்தனை உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. இன்றும் அந்த நாட்டில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட வீடுகளில் இருக்கிறார்கள்.

இதை அத்தையிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவர் சொன்னார்: "சோத்துக்கு இங்க இன்னாடி கொறச்சல்? நடுராத்திரியில ஒரு வாய் காபி குடிக்கணும்னா உன்னை எழுப்பணுமேன்னு அப்படியே படுத்துக் கெடக்கேன். பாத்திரம் உருட்டினா பொண்ணு படிப்பு கெட்டுப்பூடும்."

எத்தனை ராத்திரி அப்படிக் கிடந்தாரோ. எனக்குத் தெரியவே இல்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அதைச் சுவர் எழுப்பி அறையாக்கலாம் என்றேன். வீட்டுக்காரர் மறுத்தார். "ஊர் என்ன சொல்லும்? கிழவியைக் கொட்டகையில் தள்ளினாங்கன்னு சொல்லும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரெண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அத்தையே, "நான் கேட்டுத்தான் போறேன்னு நானே தெருவுல சொல்லிக்கிறேன்" என்று முடித்துவைத்தார்.

சீட்டு எடுத்த பணத்தில் வேலை ஆரம்பித்தோம். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் உதவுமே என்று சொல்கிறேன்: வாசலில் படி வைக்காமல் சரிவாகப் பூசச் சொன்னேன். கக்கூஸ் நாலே எட்டில், பிடித்து எழ சுவரில் ஒரு கம்பி, தரைக்கு வழுக்காத சொரசொர கல். நின்றபடி சமைக்க இடுப்பு உயர மேடை. ஜன்னலை வேப்பமரத்துப் பக்கம் வைக்காமல் தெருப் பக்கம் வைக்கச் சொன்னது அத்தை. "மரத்தைப் பார்த்து இன்னா பண்றது? போற வர்ற ஜனத்தைப் பார்க்கணும்." கதவுக்கு உள் தாழ்ப்பாள் வேண்டாம், விழுந்துவிட்டால் நாம் போக முடியாது என்று கொத்தனாரிடம் சொல்லி, வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டாகப் போட்டோம். ஒரு சாவி என்னிடம். ராத்திரியில் கூப்பிட, எங்கள் அறையில் அடிக்கிற மாதிரி ஒரு காலிங் பெல்.

தை பிறந்ததும் பால் காய்ச்சினோம். எதிர்வீட்டம்மா நாங்கள் பயந்த மாதிரியே பேசினாள். இன்னும் பேசுகிறாள். எனக்கும் சில நாள் சுருக்கென்று இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு எப்போதும் போல எங்களோடுதான். போன வாரம் ரசம் எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டேன். அத்தை முந்தானையில் முடிந்த சாவியைக் காட்டி, "கதவைத் தட்டிட்டு வாடி" என்றார். வெளியே போய்த் தட்டினேன். "யாரது?" என்று கேட்டுவிட்டு, எழுந்து வந்து திறந்தார்.