கோல்ஃப் பயிற்சித் திட்டம்

கோல்ஃப் பயிற்சித் திட்டம் என்பது, ஓர் ஆட்டக்காரர் வாரத்தில் தமக்குக் கிடைக்கும் நேரத்தை எந்த வகை அடிகளுக்கு எவ்வளவு செலவிடுவது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதாகும். வேலைக்குச் செல்பவருக்கு வாரம் மூன்று மணி நேரம் கிடைப்பதே அரிது. அதுவும் பெரும்பாலும் டிரைவிங் ரேஞ்சில் ஒரு கூடைப் பந்துகளை டிரைவர் மட்டையால் அடித்துத் தீர்ப்பதிலேயே போய்விடுகிறது.

அடிகள் வீணாகும் இடம்

பார் 72 கொண்ட மைதானத்தில் ஒரு கிரீனுக்கு இரண்டு பட்டிங் என்று கணக்கிட்டால், 36 அடிகள், அதாவது சரிபாதி, கிரீனிலேயே ஆடப்படுகின்றன. எனவே பயிற்சியிலும் பாதியைப் பட்டிங்கிற்கும் குறுந்தூர அடிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதை மறுத்தார். ஒவ்வோர் அடியின் பதிவையும் ஆராய்ந்த அவர், சிறந்த ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்திற்கு அப்பாலிருந்து ஆடும் அடிகளால் வருவதாகக் கண்டார். அவரது 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' கணக்கீட்டு முறையை பிஜிஏ டூர் 2011இல் பட்டிங்கிற்குப் பயன்படுத்தத் தொடங்கியது.

ஆனால் இது சராசரிதான். தனி ஒருவரின் குறை எங்கே என்பதை அவரது சொந்தப் பதிவே காட்டும். நான்கைந்து ஆட்டங்களுக்கு ஸ்கோர் அட்டையின் ஓரத்தில் அபராத அடிகள், உரிய அடிகளுக்குள் எட்டிய கிரீன்கள், மூன்று பட்டிங் ஆன குழிகள் ஆகியவற்றைக் குறித்து வந்தால் போதும். பட்டிங் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. கிரீனைத் தவறவிட்டு, பின்னர் குழியருகே சிப் செய்பவருக்கு அது குறைவாகவே வரும். அதனால் அவர் பட்டிங்கில் வல்லவர் என்றாகிவிடாது.

பயிற்சியின் வரிசை

ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கித் தொடர்ந்து அடித்தால் பத்தாவது பந்து அழகாகப் பறக்கும். மைதானத்திலோ அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒன்றுபோல் அமைவது அரிது. ஷியா, மார்கன் என்ற ஆய்வாளர்கள் 1979இல் கையசைவுப் பணி ஒன்றைக் கொண்டு செய்த சோதனையில், வரிசை மாற்றிப் பயின்றவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினர். பின்னர் சோதித்தபோது அவர்களே முந்தினர். ஆகவே ரேஞ்சில் டிரைவர், 7-அயர்ன், வெட்ஜ் என்று மாற்றி மாற்றி, பழகிய மைதானத்தின் குழிகளை மனத்தில் ஆடிப் பார்ப்பது நல்லது. புதிதாகக் கற்பவருக்கும் வீச்சைத் திருத்திக்கொள்பவருக்கும் முதலில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஆடுவதே பொருந்தும்.

நேரப் பகிர்வு

மூன்று மணி நேரத்தை ஒரே நாளில் முடிப்பதைவிட மூன்று நாட்களுக்குப் பிரிப்பது மேல். கோல்ஃப் ஆடுவோரிடம் அதிகம் காணப்படும் காயங்களில் கீழ்முதுகு வலியும் ஒன்று. களைத்த பின் முழு வேகத்தில் அடிப்பது அதற்கு வழிவகுக்கும். வீட்டுக் கம்பளத்தில் பட்டிங்கின் திசையைப் பழகலாம். வேகத்தைப் பழகக் கிரீனுக்குத்தான் போக வேண்டும்.