தமிழ் நூலடைவில் ஆசிரியர் பெயர் வரிசை

நூலடைவு ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டும் கருவியாகும். அதன்கண் ஒரு பெயர் தனக்குரிய இடத்தினின்றும் நீங்குமாயின், நூல் இருந்தும் இல்லாததாகிவிடும். 'இப்பொருள் பற்றி முன்னர் எவரும் எழுதிலர்' என ஆய்வேட்டில் முடிவு கூறும் மாணாக்கர், உண்மையில் பிழையான இடத்தில் தேடியவராக இருத்தல் கூடும். இக்காலத்தில் அடைவுகளைக் கணிப்பொறி மென்பொருள்களே வரிசைப்படுத்துகின்றன. அவை எம்முறை பற்றி அங்ஙனம் செய்கின்றன என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, பெயரின் தலைச்சொல். மயிலாப்பூரிற் பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமி (1900–1980), 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' (1959) என்னும் தொகுப்பால் நூலடைவுத் துறைக்கே தொண்டு புரிந்தவர். அவர் பெயரில் ஊரும், தந்தை பெயரின் சுருக்கமும், இயற்பெயரும் முறையே நிற்கின்றன. பெயரின் ஈற்றுச் சொல்லைக் குடிப்பெயராகக் கொள்வது மேனாட்டு வழக்கு. அதனைப் பின்பற்றும் மென்பொருள் இவரை 'வேங்கடசாமி' என்பதன்கீழ் வைக்கும், அது பொருந்துவதே. ஆயின் அவ்விதியே ந. மு. வேங்கடசாமி நாட்டாரை (1884–1944) 'நாட்டார்' என்பதன்கீழ் வைத்துவிடும். அடுத்தடுத்து நிற்கவேண்டிய இருவர் இங்ஙனம் வேறுவேறு இடங்களிற் பிரிகின்றனர்.

இரண்டாவது, எழுத்து வரிசை. எழுத்துக்கள் முப்பதென்றும், அவை அகரத்திற்றொடங்கி னகரத்தில் முடியுமென்றும் தொல்காப்பியர் வகுத்தனர். யூனிகோடு குறியெண் வரிசையோ, பிற இந்திய மொழி எழுத்துக்களோடு இயைபுபட அமைந்தமையின், னகரத்தை நகரத்தின் பின்னும், றகரத்தை ரகரத்தின் பின்னும் வைத்துள்ளது. அக்குறியெண்ணையே பற்றி வரிசைப்படுத்தினால், அனவரதவிநாயகம் பிள்ளை அப்பாத்துரையார்க்கு முன் வருவர். தமிழ் முறைப்படி பகரத்தின் பின்னரே னகரம் வருதலின், அப்பாத்துரையாரே முன் நிற்றல் வேண்டும்.

புள்ளியினாலும் இடர் நேர்கின்றது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) மெய்யெழுத்தை உயிர்மெய்க்கு முன் வைக்கும். ஆதலின் சத்திமுத்தப் புலவர் சதாசிவப் பண்டாரத்தார்க்கு முன்னவர். குறியெண் வரிசையிற் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் நிற்பதால் இம்முறை தலைகீழாகும்.

மூன்றாவது, உரோமன் எழுத்திற் பெயர்த்தெழுதும் பெயர்கள். நெடிலைக் குறிக்கத் தலைமேற் கோடும், ழகர, ளகர, றகர, னகரங்களை வேறுபடுத்தக் கீழ்க்கோடும் புள்ளியும் இடுதல் வழக்கு. இவ்வடையாளம் பெற்ற எழுத்துக்களின் குறியெண்கள் யாவும் உரோமன் நெடுங்கணக்கின் ஈற்றெழுத்துக்குப் பின்னரே உள்ளன. இதன் விளைவு யாது? சாமிநாதையர் (1855–1942) சிவஞான முனிவர்க்கு முன் வரவேண்டியவர். தமிழ் வரிசையும் உரோமன் வரிசையும் இதில் ஒன்றுபடுகின்றன. அடையாளத்தை நோக்காது குறியெண்ணை மட்டும் நோக்கும் மென்பொருளோ அவரைச் சிவஞான முனிவர்க்கும், சுப்பிரமணிய பாரதியார்க்கும் பின்னே தள்ளிவிடும். மேலும், எழுத்துப் பெயர்ப்பு முறையில் அவர் பெயர் உரோமன் மூன்றாம் எழுத்திலும், ஆங்கில வழக்கில் 19-ஆம் எழுத்திலும் தொடங்கும். தமிழிலேயே சாமிநாதையர், சுவாமிநாதையர், ஸ்வாமிநாதையர் என மூவகையாக எழுதுதலும் உண்டு. இவற்றை ஒருங்கிணையாத அடைவில் ஆசிரியர் ஒருவர் பலராய்க் காட்சியளிப்பர்.

இஃது தமிழர்க்கு மட்டுமுரிய இடரன்று. செருமன் அகராதிகள் இருபுள்ளி பெற்ற எழுத்தை அடையெழுத்தோடு ஒப்பக் கொள்ளும். அந்நாட்டுப் பெயர்ப் பட்டியல்களில் அதனை ஈரெழுத்தாக விரித்துக் கொள்ளும் முறையும் உண்டு. சுவீடன் மொழியிலோ அவ்வெழுத்து நெடுங்கணக்கின் இறுதியில் தனியெழுத்தாக நிற்கும். ஆகவே, எழுத்து ஒன்றாயினும் வரிசை மொழிக்குத் தக்கவாறு மாறுபடும் என்பது தெளிவு.

இவ்வுண்மையைக் கருதியே, குறியெண் வரிசை வேறு, அகர வரிசை வேறு எனக் கொண்டு, யூனிகோடு அமைப்பினர் ஒப்பீட்டு முறையொன்றைத் தனியே வகுத்துள்ளனர். அதில் முதற்கண் அடையெழுத்துக்களே ஒப்பிடப்படும். அவை ஒத்தவிடத்தன்றி மேற்குறி, கீழ்க்குறிகள் கருதப்படா. 1985-இல் தோன்றிய பிப்டெக் என்னும் மென்பொருள் இம்முறையை அறியாது. பின்வந்த பைபர் இதனை மேற்கொள்வதோடு, மொழியைக் குறிப்பிடவும் இடந்தருகின்றது.

மென்பொருளைப் பயன்கொள்வோர் செய்யத்தக்கன மூன்று. பதிவின் மொழி இன்னதெனக் குறித்தல் ஒன்று. 'வேங்கடசாமி நாட்டார்' போன்ற பெயரைப் பிரியாத் தலைச்சொல்லாகப் பதிதல் இரண்டு. ஓராசிரியர்க்கு ஒரு வடிவையே நிலைப்படுத்தி, ஏனைய வடிவுகளினின்று அதற்கு வழிகாட்டுதல் மூன்று. அடைவு முடிந்தபின் னகர, றகரப் பெயர்களையும், புள்ளியெழுத்துப் பெயர்களையும் கண்ணால் ஒருமுறை நோக்குதல் நன்று. பிழை இருப்பின் அவ்விடங்களிலேயே முதலில் வெளிப்படும்.

வரிசை வெறும் ஒழுங்கன்று. முன்னோர் உழைப்பு பின்னோர் கைக்கு எட்டும் வழியாகும். அவ்வழியைச் செம்மை செய்தல் ஆராய்ச்சியாளர் கடன் என்க.