புகை அடங்கினால் ஆபத்து அடங்குமா?

விறகடுப்பில் புகை கிளம்பினால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறோம். புகை அடங்கித் தணல் சிவந்துவிட்டால் நிம்மதியாக அதன் அருகிலேயே உட்காருகிறோம். கார்பன் மோனாக்சைடைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தவறு. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, எரிவதற்குக் காற்று போதாதபோது உருவாகிறது. புகையே இல்லாத தணலிலிருந்தும் ஏராளமாக வெளிவரும். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் உயிரிழப்பது இதனால்தான்.

உடலில் நடப்பது

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வரும், காய்ச்சல் இருக்காது. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே போனதும் குறைந்தால் அடுப்பைச் சந்தேகியுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். இந்த வாயு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டும். ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

வீட்டில் அளப்பது எப்படி?

ஆய்வுக்கூடத்தில் அடுப்பைப் புகைக்கூண்டின் கீழ் வைத்து அதன் தரத்தைச் சோதிப்பார்கள். ஆனால் வீட்டில் தெரியவேண்டியது, சமைப்பவர் சுவாசிக்கும் காற்றின் நிலை.

• கையடக்க கார்பன் மோனாக்சைடு மீட்டரை வெளிக்காற்றில் இயக்கி, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள்.
• அடுப்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, சமைப்பவரின் மூக்கு உயரத்தில், ஜன்னலை ஒட்டாமல் வையுங்கள்.
• பற்றவைக்கும் முன் தொடங்கி, தணல் அணையும்வரை குறித்துக்கொள்ளுங்கள்.
• புகைபோக்கியின் வாயில் நேராகப் பிடிக்காதீர்கள், சென்சார் பழுதாகலாம்.

எவ்வளவு வரை?

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, வீட்டுக்குள் ஒரு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 35 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; மீட்டரில் இது சுமார் 30 பிபிஎம். எட்டு மணி நேரச் சராசரிக்கு 10 மில்லிகிராம், அதாவது சுமார் 9 பிபிஎம். சுவரில் மாட்டும் எச்சரிக்கைக் கருவி வேறு ரகம். ஐரோப்பியத் தரத்தில் செய்யப்பட்டது, 50 பிபிஎம் அளவு ஒரு மணி நேரமாவது நீடித்த பிறகே அலறும். அது மௌனமாக இருப்பதாலேயே காற்று சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

அளவு கூடினால்

காய்ந்த விறகு, அடைப்பில்லாத புகைபோக்கி, எதிரெதிர் ஜன்னல்கள் உதவும். மாற்றம் செய்தபின் மறுபடியும் அளந்து பாருங்கள். தணலை எக்காரணத்துக்காகவும் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். யாராவது மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். வீட்டில் அடுப்பு எரிந்ததை மருத்துவமனையில் மறக்காமல் சொல்லுங்கள். அந்தத் தகவல்தான் மருத்துவரைச் சரியான பரிசோதனைக்கு இட்டுச்செல்லும்.